இறங்க வேண்டிய எண்

"பெட்டி எதுக்குடி? என்னை அட்மிட் பண்ணிடுவாங்கன்னு நீயே முடிவு கட்டிட்டியா?"

டிரோம்சோ நகரில், ஆஸ்பத்திரி வாசலில், காரின் பின்சீட்டைப் பார்த்து எரிந்து விழுந்தான் ஓட்வார். அவன் மனைவி பெரித் கோட்டில் விழுந்த பனியைத் தட்டிவிட்டபடி, "எதுக்கும் இருக்கட்டும்" என்றாள்.

"என் ஷேவரை வச்சியா?"

"அது வீட்டுலதான் இருக்கு."

"லட்சணம்! ஒரு வேலையை உருப்படியா செய்யத் தெரியாது."

கிட்னி கெட்டாலும் இந்த மனுஷனுக்கு வாய் மட்டும் கெடவே இல்லை. வசந்தத்தில் தன் கிட்னியில் ஒன்றைக் கொடுத்து அவனைப் பிழைக்க வைத்தவள் பெரித். அதற்கும் 'பெரிய தியாகி' என்று நக்கல்தான் அடித்தான், பாவி.

இன்று வந்தது இதயத்துக்காக. கிட்னி போனவர்களுக்கு ரத்தத்தில் டிரோபோனின் என்ற, இதயப் பழுதைக் காட்டும் ஒன்று ஏறியே நிற்கும். புதுக் கிட்னி வந்தபின் அது இறங்க வேண்டும். ஓட்வாருக்குப் போன டெஸ்ட் வரை இறங்கவே இல்லை. இதயமும் போய்விட்டதோ என்று டாக்டருக்கே சந்தேகம்.

உள்ளே பெரித் கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

டாக்டர் ஹெக்கே கம்ப்யூட்டரைப் பார்த்துச் சிரித்தார். "நல்லா இறங்கிடுச்சு, ஓட்வார். ஸ்கேனும் சுத்தம். உங்க இதயத்துக்கு ஒண்ணும் இல்லை."

பெரித் பொலபொலவென்று அழுதுவிட்டாள். "பனி வாரலாமா டாக்டர்? விறகு பிளக்கலாமா? கார் ஓட்டலாமா?"

"எல்லாம் செய்யலாம்."

தனக்காக ஒருத்தி இப்படி அழுவாள் என்று ஓட்வார் நினைத்ததே இல்லை. வெட்கமாகப் போய்விட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"பெரித், உன்னை ரொம்பப் படுத்திட்டேன். ஈஸ்டருக்கு நம்ம மலை வீட்டுக்குப் போகலாம். நானே உனக்கு வாஃபிள் சுட்டுத் தரேன். இனிமே உன்னை ஒரு வார்த்தை சொல்லமாட்டேன், சத்தியமா!"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு டாக்டரைப் பார்த்தாள்.

"அப்போ இவரு இனிமே தனியா இருக்கலாம்தானே?"

"தாராளமா. ஏன் கேக்கறீங்க?"

"நோயாளியை விட்டுட்டுப் போக மனசு வரலை டாக்டர். அதான் இத்தனை நாள் இருந்தேன்."

மெல்லக் கையை உருவிக்கொண்டு, கார் சாவியை ஓட்வாரின் மடியில் வைத்தாள் பெரித்.

"காரை நீயே ஓட்டிட்டுப் போ. பெட்டி என்னோடது."