சிறுத்தை ஏன் உறுமியது?

"அந்தக் கெம்பம்மா வந்தா நான் வரமாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்!"

வடிவு சொன்னால் சொன்னதுதான். மகள் ஜீவிதா மூன்று வருஷம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு உழைத்த அனிமேஷன் படத்துக்கு மைசூரில் இன்றைக்கு முதல் காட்சி.

"அவங்க எங்கம்மா வரப் போறாங்க? அவங்க வீட்டு அங்கிள் போனதிலேர்ந்து படுத்தே கிடக்கறாங்க. சரியா சாப்பிடறதுகூட இல்லையாம்."

வடிவு பக்கத்து வீட்டு வாசலை எட்டிப் பார்த்தாள். ரெண்டு மாசமாகக் கோலம் இல்லை.

"பாவம்தான். ஆனா அவ செஞ்சதை மறக்க முடியுமா? உங்கப்பாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச மறுநாளே, வாசல் கழுவின தண்ணியை நம்ம வாசல்ல தள்ளிவிட்டு, 'ஏனே வடிவு'ன்னு நடுத்தெருவுல சண்டைக்கு வந்தவ!"

அன்று ஆரம்பித்த சண்டை எட்டு வருஷம் ஓடியது. தண்ணீர், மல்லிகைக் கொடி, டிவி சத்தம், எதற்கும் சண்டை. அவள் 'ஏனே' என்று கன்னடத்தில் திட்டுவாள், இவள் 'என்னடி' என்று தமிழில் திட்டுவாள். ஒரு வார்த்தைகூட இரண்டு பேருக்கும் புரியாமல் போனதில்லை.

தியேட்டரில் வடிவு சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"கார்ட்டூன்னியே, ஒரு குழந்தையையும் காணோம்?"

"இது பெரியவங்களுக்கானதும்மா."

படத்தில் ஒரு பசு. கன்றைப் பறிகொடுத்துவிட்டுத் தொழுவத்தில் படுத்தது, எழுந்திருக்கவே இல்லை. ஒரு சாயங்காலம் மலையிலிருந்து சிறுத்தை இறங்கி வந்தது. பாயவில்லை. வேலி ஓரம் நின்று உறுமியது. பசு ரோஷத்தோடு எழுந்து கொம்பைக் காட்டியதும், வந்த வழியே போய்விட்டது.

மறுநாளும் வந்தது. அதற்கடுத்த நாளும்.

"அடிச்சுத் தின்னாம என்னத்துக்கு வெட்டியா உறுமுது?" என்றாள் வடிவு.

"பாரேன்."

சண்டை போடத் தெம்பு வேண்டுமே என்று பசு மெல்லத் தீவனம் தின்ன ஆரம்பித்தது. சிறுத்தை வரத் தாமதமானால் வேலியையே பார்த்துக்கொண்டு நின்றது.

இந்த ரெண்டு மாசமாகக் காலைக் காப்பி ஏன் ருசிக்கவில்லை என்று அப்போதுதான் வடிவுக்குப் புரிந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டாள். "இந்தக் கதையை யாருடி உனக்குச் சொன்னது?"

ஜீவிதா தயங்கினாள். "அப்பா போனப்ப நீ சுவத்தைப் பார்த்துப் படுத்தே கிடந்தே. நானும் சித்தியும் அழுது பார்த்தோம், கெஞ்சிப் பார்த்தோம். நீ எழுந்திரிக்கல. கெம்பம்மா ஆன்ட்டிதான், 'இருங்க, நான் கோபப்படுத்திப் பார்க்கறேன்'னாங்க. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிட்டாங்க."

"இப்ப மட்டும் ஏன் சொன்னே?"

"நான் எங்கம்மா சொன்னேன்? சிறுத்தைதானே சொல்லிச்சு!"

வடிவு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அடிப்பாவி" என்று ஒரே ஒரு வார்த்தை. அது மகளுக்கல்ல.

மறுநாள் விடிந்ததும் வாளித் தண்ணீரோடு வாசலுக்கு வந்தாள். கழுவினாள். மொத்தத் தண்ணீரையும் துடைப்பத்தால் பக்கத்து வாசலுக்கே தள்ளிவிட்டாள்.

"ஏ கெம்பம்மா! வாசலை இப்படிப் போட்டு வெச்சிருக்கியே, வீட்ல மனுஷங்க இருக்காங்களா இல்லையா? வெளியே வாடி!"

தெருவே வேடிக்கை பார்த்தது.

"ச்சே! புருஷன் போய் ரெண்டு மாசம்தான் ஆச்சு. அவகிட்டப் போய் இப்படிக் கத்துறாளே, இவளெல்லாம் ஒரு பொம்பளையா?" என்றாள் எதிர்வீட்டு ரூபா.

வடிவு அசரவில்லை. இன்னும் ஒரு வாளி ஊற்றினாள்.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. கதவு படாரென்று திறந்தது. தலை கலைந்து, இளைத்துப்போய், கையில் துடைப்பத்தோடு கெம்பம்மா நின்றாள்.

"ஏனே வடிவு!"

ரொம்ப நாளைக்கப்புறம் வடிவு வயிறு நிறையத் திட்டு வாங்கினாள்.