வாய்ப்பாறைக்குப் பழம்

பாறையின் வாய்க்குள் முழங்கைவரை விட்ட கை மாசிலாமணிக்குத் திரும்பி வரவில்லை. ஆற்றங்கரை வாய்ப்பாறைக்கு வாழைப்பழம் ஊட்டினால் பிரிந்த ஜோடி சேருமாம். பாறை துப்பிவிட்டால் அவ்வளவுதானாம். துப்பிவிடுமோ என்ற பயத்தில்தான் அப்படித் திணித்தான். உள்ளே ஊரார் ஊட்டியதெல்லாம் அழுகிக் கூழாகிக் கிடந்தது. விரலிடுக்கில் ஏதோ நெளிந்தது.

“புழுடி, கோதை!”

ஒரு வருஷமாகத் தாய்வீட்டிலேயே இருக்கும் மனைவி பூங்கோதை மூக்கைப் பொத்தினாள். “ஊட்டச் சொன்னா, சாமி தொண்டையையே அடைச்சிட்டீங்களே!”

பாறை அவன் முகத்திலேயே ஏப்பம் விட்டதுபோல நாற்றம். அவள் அவன் தோளைப் பிடித்து இழுத்ததில், கறுப்புக் கூழ் வழிய, ஈ மொய்க்க, கை வெளியே வந்தது. அதை யாருடையதோ போலத் தள்ளிப் பிடித்தபடி கேட்டான்: “வீட்டுக்கு வருவியா, மாட்டியா?”

இதுவரை ‘பாக்கலாம்’ என்றே சொல்லிவந்தவள் அவன் முகத்தைப் பார்த்தாள்.

“வரமாட்டேங்க. கையை நீட்டுங்க, கழுவிவிடறேன்.”