கஜனை ஏன் இறக்கவில்லை?

“நல்லா ஆடுற பயல வெளிய ஒக்கார வச்சி டீமையே சாகடிச்ச மேனேஜர் நமக்கு எதுக்கு?”

நாகலிங்கம் இதைச் சொன்னது மூன்றாவது தடவை. ஒரு எழுத்துகூட மாறவில்லை.

குசினியில் பிளேன்டீக்கு இஞ்சி தட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி பரிமளத்துக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

“மைக் செட்டுக்காரன் மாதிரி அதையே எத்தன வாட்டி சொல்லுவீங்க? சீக்கிரம் முடிச்சிட்டு எந்திரிங்க. எனக்கு ஆயிரம் வேல கெடக்கு!”

வேலை ஒன்றும் கிடக்கவில்லை. மூத்தவன் லண்டனோடு தங்கிவிட்டான். மகள் லோஜினி கல்யாணம் கட்டிக்கொண்டு டுபாய் போய்விட்டாள். அவர்களுடைய கடைக்கு மேலே இருந்த அந்தப் பெரிய வீட்டில் இரண்டு அறைகள் எப்போதும் பூட்டு. மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்திருக்கிறதா என்று பார்க்க மட்டும் பரிமளம் திறப்பாள். மிச்சமிருப்பது கடைக்குட்டி கஜன் ஒருத்தன்தான்.

ஹாலில் கால்பந்து கிளப்பின் கமிட்டி உட்கார்ந்திருந்தது. பொகவந்தலாவை பஜாரில் இரும்புக்கடை வைத்திருக்கும் நாகலிங்கம்தான் தலைவர். சின்னத்தம்பி செயலாளர். மற்றவர்கள் தலையாட்ட வந்தவர்கள். கதவோரத்து நாற்காலியில் மேனேஜர் சிவசாமி. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை முடித்து நேரே வந்திருந்தார். சட்டையெல்லாம் தூசி, கழுத்தில் விசில்.

“சீசன் பூரா தோத்தோம், அது போகட்டும்,” என்றார் சின்னத்தம்பி. “நேத்து ஹட்டன்ல ஜெயிச்சிருந்தா லீக்லயாச்சும் நின்னுருப்போம். கொழும்புலருந்து கம்பெனி டீம்காரங்க வேற பிளேயர் எடுக்க வந்து ஒக்காந்திருந்தாங்க. அன்னைக்குன்னு பாத்து கஜன எறக்கலியே, ஏண்ணே?”

“எனக்கு அப்பிடித் தோணுச்சு.”

“தோணுச்சா? ஒரு கோல் வாங்கிட்டு நிக்கிறோம். பனி வேற எறங்குது. பய பூட்ஸ மாட்டிக்கிட்டு, ‘எறக்குங்க மாமா, எறக்குங்க மாமா’ன்னு உங்க பின்னாலயே ஓடுறான். ஊரே பாத்துச்சு.”

“ஆமா. கேட்டான்.”

“கால் கீல் வலின்னானா?”

“இல்ல.”

“ஏதும் எதுத்துப் பேசுனானா?”

“ச்சே. தங்கமான பய.”

“எம்மகன்றதுக்காக நான் பேசல,” என்றார் நாகலிங்கம். அதற்காகத்தான் பேசினார், அது அங்கே எல்லோருக்கும் தெரியும். “கிளப்புக்காகப் பேசுறேன். நல்லா ஆடுற பயல வெளிய ஒக்கார வச்சி…”

“நாலு!” என்று உள்ளேயிருந்து எண்ணினாள் பரிமளம்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

தட்டோடு வந்து எல்லோருக்கும் பிளேன்டீ கொடுத்தாள். சிவசாமிக்கு மட்டும் பக்கத்தில் ஒரு தட்டில் பிஸ்கட்டும் வைத்தாள், முகத்தைப் பார்க்காமல்.

“மேனேஜருக்கு மட்டும் பிஸ்கட்டாக்கா?”

“தூக்குல போடப் போற ஆளுக்குக் கடைசியா ஏதாச்சும் குடுப்பாங்கல்ல, சின்னத்தம்பி? அதான்.”

இந்த முறை எல்லோருமே சிரித்தார்கள். சிவசாமியும்.

சின்னத்தம்பிக்குத்தான் மனசு கேட்கவில்லை. நாற்காலியை நகர்த்திக்கொண்டு சிவசாமி பக்கம் வந்தார்.

“அண்ணே, உங்க மனுசி செத்ததுலருந்து உங்களுக்கு அந்தக் கிரவுண்ட விட்டா போக்கெடம் இல்ல. எங்களுக்கும் தெரியும். ஒரு காரணம் சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு. நாங்க வேற பேச்சே பேசாம எந்திரிச்சிப் போயிர்றோம்.”

தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. சிவசாமி பிளேன்டீயை ஒரு வாய் குடித்தார். வெறும் தட்டை நெஞ்சோடு அணைத்தபடி பரிமளம் நின்றாள்.

“காரணம் ஒண்ணும் இல்லப்பா. என் தப்புதான்.”

“அப்பறம் என்ன?” என்றாள் பரிமளம் படக்கென்று. “அவரே சொல்லிட்டாருல்ல. கையத் தூக்கிட்டுக் கெளம்புங்க. கதவத் தொறந்து போட்டு வீடே வெறைக்குது.”

கைகள் உயர்ந்தன. சின்னத்தம்பியின் கைதான் கடைசி.

சிவசாமி விசிலைக் கழற்றி மேசையில் வைத்தார். பந்து அறைச் சாவியையும் வைத்தார். ஆளாளுக்குக் குடையை விரித்துக்கொண்டு இறங்கினார்கள். நாகலிங்கம் கடையைப் பூட்டக் கீழே போனார்.

பரிமளம் கஜனின் அறைப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். நேற்று மைதானத்திலிருந்து வந்து கதவைச் சாத்தியவன்தான் கஜன். சாப்பிடவில்லை. அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாவிட்டால் என்ன? உள்ளே இருக்கிறான். அவளுக்கு அது போதும்.

குசினி வாசலில் நிழல் தட்டியது. சிவசாமி. குடித்த கிளாஸைக் கையோடு கொண்டுவந்திருந்தார். பிஸ்கட்டை அவர் தொடவில்லை.

பரிமளம் கிளாஸை வாங்கிக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டாள்.

“மேட்சுக்கு முந்தி எங்கிட்ட வந்து, ‘கொழும்புக்காரங்க கண்ணுல அவன் பட்டுறக் கூடாது, இவனும் போயிட்டா இந்த வீட்டுல நான் யார்கூட பேசுவேன்’னு அழுதீங்க. வெறும் வீட்டுல இருக்குறது என்னன்னு எனக்குத் தெரியும். அதான் எறக்கல,” என்றார் சிவசாமி.

அவள் கழுவின கிளாஸையே கழுவிக்கொண்டிருந்தாள்.

“உங்க பேரு என் வாயிலருந்து வராது. ஆனா இனிமே மேனேஜரா வர்றவன்கிட்ட போயி இப்பிடிக் கேக்காதீங்க. பயல ஆட விடுங்க.”

குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

“அக்கா… அவன ஆட விடுங்கக்கா.”