மேசைமேல் சும்மாடு

செலியமேட்டில் இளைஞர்களுக்கு வேலை வழிகாட்டும் மையத்தை மூடுகிறார்கள். சாமான் ஏற்றும் லாரி வாசலில் உறுமிக்கொண்டு நிற்கிறது. உள்ளே மிஞ்சியிருப்பது ஒரு மேசை. அதில் மையத்தோடு வேலையும் போகப்போகும் ஆலோசகர் வைஜெயந்தி மேடம் ஒரு பெண்ணின் நர்சிங் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறார். தாள்மேல் ஜன்னல் வெயில் விழுகிறது. "தூக்குங்கப்பா, இன்னா பாத்துக்கினு நிக்கறீங்க?" என்கிறார் மையத்தைக் காலிசெய்ய வந்த அதிகாரி. சுமைதூக்கும் சங்கத்துக்காரர்கள் நாங்கள் நான்கு பேரும் அசையவில்லை. எங்கள் தலைவர் ராஜாமணி தலையிலிருந்த சும்மாட்டுத் துணியை எடுத்து மேசைமேல் வைக்கிறார். எங்களில் ஒருவன் சும்மாடு வைத்த சுமையை இன்னொருவன் தொடமாட்டான். "இது எங்க சுமை சார். மேடத்துக்கு வேல உண்டுன்னு எழுதிக் குடுங்க, அப்பறம் தூக்கறோம்," என்கிறார். லாரிக்காரர் இன்ஜினை அணைக்கிறார். மேடம் நிமிரவில்லை. "அப்பா இன்னா வேலம்மா?" என்று அந்தப் பெண்ணைக் கேட்கிறார். "மூட்ட தூக்கறாரு மேடம்." அதை அவர் நிறுத்தி நிதானமாக எழுதுகிறார்.