லென்சில் கோளாறு

மிராசுதார் இராஜாங்கம் கல்யாணப் படத்தை ஸ்டுடியோ மேசையில் போட்டார்.

“நடராசா, உன் லென்சு மட்டம். ஓரத்துல கலர் கசியுது.”

மன்னார்குடியில் நடராசனை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், அவர் லென்சைச் சொல்லக் கூடாது. பூதக்கண்ணாடியை எடுத்தார்.

“பாருங்க. பளிச்சுன்னு வானம், முன்னால தென்னங்கீத்து. மட்டமான லென்சுன்னா கீத்து ஓரமா ஊதா இழை ஓடும். இதுல இருக்கா?”

“கீத்தை விடு. என் வேட்டி ஓரத்தைப் பாரு.”

“அது ரெண்டு விரல் அகலம் இருக்குதேங்க. எந்த லென்சும் அவ்வளவு கசியாது.”

“கசியும்னு எழுதிக் கொடு.”

“எழுதினா அப்புறம் யாருங்க என்னைக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவாங்க?”

இராஜாங்கம் குரலைத் தாழ்த்தினார். “நேத்து ஆட்சி மாறிடுச்சுப்பா. நான் கட்டியிருக்கிறது தோத்த கட்சிக் கரைவேட்டின்னு தெரிஞ்சா, உச்சவரம்புன்னு சொல்லி என் நிலத்தை அளக்க வந்துடுவாங்க.”

நடராசன் பெருமூச்சு விட்டார்.

“படத்துல உங்க பக்கத்துல வெறும் வெள்ளை வேட்டியோட நிக்கிறாரே, உங்க பங்காளி வீரையன், அவரும் காலையில வந்தாருங்க.”

“அவன் எதுக்கு?”

“செயிச்ச கட்சிக் கரைவேட்டிதான் அன்னிக்குக் கட்டியிருந்தாராம். கரையை என் லென்சு அழிச்சிடுச்சுன்னு எழுதிக் கொடுக்கச் சொல்றாரு.”