முதல் மதிப்பெண் பெற்ற விடை

அந்தப் பொது நிர்வாகக் கல்லூரிக்கு நாட்டிலேயே முதலிடம். அங்கே தேர்வில் முதல் மதிப்பெண் வாங்கும் விடை அன்றைக்கே அரசாணையாகிவிடும். அதனால்தான் வினாத்தாளில் ஊர்ப் பெயரே இருக்காது.

பட்டியலில் யாழிசையின் பெயர்தான் முதலில் இருந்தது. மூன்று டயாலிசிஸ் மையங்களில் எதை மூடலாம் என்பது கேள்வி. பதினொரு பேர் மட்டுமே வரும் மையத்தை மூடச் சொல்லி நான்கு பக்கம் எழுதியிருந்தாள். ஊரில் அப்பா போகும் மையத்திலும் பதினொரு பேர்தான் என்பது, தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்த பிறகுதான் உறைத்தது.

பேராசிரியர் செண்பகவல்லியின் அறைக்கு ஓடினாள்.

"மேடம், அது எந்த ஊரு?"

"ஊர் தெரிஞ்சா யாராவது மூடச் சொல்லுவாங்களாம்மா? அதை மறைக்கிறதாலதான் நம்ம காலேஜுக்கு இவ்வளவு பேரு."

"என்னை ஃபெயில் ஆக்கிடுங்க மேடம்."

"லிஸ்ட் ஒட்டறதுக்கு முன்னாடியே ஆணை போயிருச்சும்மா."

கைப்பேசி அதிர்ந்தது. அம்மா.

"சென்டரைப் பூட்டிட்டாங்கடி. அப்பா வாசல்லயே உக்காந்திருக்காரு. நீ படிக்கிற எடத்துல பெரிய ஆளுங்கல்லாம் இருப்பாங்கல்ல, யாருக்கு மனு எழுதணும்னு கேட்டுச் சொல்லு."