வேலிக்கு அந்தப் பக்கம்

கால் முழுக்க இறகு முளைத்த அந்தக் குட்டைக் கோழிகளை ஒரத்தநாட்டுக்குப் போய் வாங்கி வந்தவன் ரெமிஜியஸ். வயல் சேறு இறகில் காய்ந்தால் கால் புண்ணாகிவிடும் என்று தினமும் வெந்நீரில் கழுவித் துடைத்துவிடுபவனும் அவன்தான். ஆனால் காலையில் கூட்டைத் திறந்ததும், எல்லாம் வேலி இடுக்கில் புகுந்து பக்கத்து வீட்டு சகாயம்மாளின் காலடிக்கு ஓடின. அவள் உட்கார்ந்தால் மடியிலேயே ஏறின. பார்க்கப் பார்க்க அவனுக்கு வயிறு எரிந்தது.

அன்று கேட்டேவிட்டான். "அப்படி என்ன தீனி போடுறீங்கக்கா?"

சகாயம்மாள் சிரித்தாள். "பெரிய வியாழன் சாமியாராட்டம் தெனம் கால் கழுவி விடுறது நீங்க. நான் ஒரு பிடி நொய் போட்டதில்ல தம்பி."

"பின்ன எப்படி உங்கக்கிட்டயே வருது?"

"எங்கிட்ட எங்க வருது? நேத்து பூசைக்குப் போகச் சேலை கட்டியிருந்தேன், ஒண்ணுகூட எட்டிப் பாக்கல. இந்த நைட்டியப் போட்டாத்தான் வருதுங்க."

ரெமிஜியஸ் அப்போதுதான் கோழிகளை விட்டு நைட்டியைப் பார்த்தான். மஞ்சள் பூப்போட்டது. அவன் மனைவி எல்சி கோழிகளுக்குத் தீனி வைக்கும்போது போட்டிருந்தது. அவளுடைய முப்பதாம் நாள் பூசை முடிந்ததும், எதுவும் கண்ணில் படக்கூடாது என்று துணிகளை மூட்டையாகக் கட்டி சகாயம்மாளிடம் கொடுத்தவனும் அவன்தான்.

"தொவைச்சுத் திருப்பித் தந்துடட்டுமா தம்பி?"

"வேணாங்க்கா. நாளைக்கும் அதையே போட்டுக்கங்க."

எல்சி இருக்கிறாள் என்று இன்னும் நம்புகிற அந்தக் கோழிகள் மேல்தான் இப்போது அவனுக்கு வயிறு எரிந்தது.